ஞாயிற்றுக்கிழமைப் பந்தி

அய்யா துணை



ஞாயிற்றுக்கிழமை அய்யாவுக்கு உகந்த நாள். ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் ஞாயிறன்றும் சாமிதோப்புத் தலைமைப் பதிக்கு ஊர் ஊராக மக்கள் திரண்டு போகிறார்கள். போக முடியாதவர்கள் அவரவர் ஊர்த் தாங்கலில் பணிவிடைக்கு நிற்கிறார்கள். தாங்கலும் தூரமாக இருந்தால் வீட்டிலேயே விளக்கேற்றித் திருநாமம் இட்டுக்கொள்கிறார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஊரெல்லாம் கறி எடுக்கும் நாளும். திருச்சியில் எடமலைப்பட்டி புதூரை எடுத்துக்கொண்டாலும் சரி, வேறு எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் சரி, விடிந்ததும் கறிக்கடை முன்னால் தூக்குவாளியோடும் பையோடும் ஆள் நிற்கிறார்கள். ஆறு நாள் வேலைக்குப் போகிறவனுக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பிடக் கிடைத்தது அந்த ஒரு நாள். அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்பவர்கள் என்று 2014-ல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அய்யாவழி அன்பர் வீடுகள் அத்தனையும் மீதி மூன்று பேருக்குள் அடங்கிவிட்டன என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அப்படியானால் நெற்றியில் திருநாமம் இட்ட அன்பர் ஒருவர் ஞாயிறு காலையில் எந்தப் பக்கம் நடப்பார்? காலையில் பணிவிடை, மத்தியானம் கறிக்குழம்பு என்று இரண்டையும் முடித்துக்கொள்வது தர்மம்தானா? முழுக்க விட முடியாதவர் குறைத்துக்கொண்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டா? இந்தக் கேள்விகளை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பல வீடுகளில் மனத்துக்குள் இருக்கிறது.

அய்யா காட்டிய வழியை முதலில் பார்க்க வேண்டும்.

அய்யா வைகுண்டர் 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்து சாமிதோப்புக்கு வந்தார். அப்போது தென்திருவிதாங்கூர் ஏழை மக்களின் வழிபாடு பெரும்பாலும் பலியோடு கூடியது. ஆடு, கோழி, பன்றி என்று வெட்டினார்கள். நோய் வந்தாலும் பலி, மழை பொய்த்தாலும் பலி. அய்யா அதை வேண்டாம் என்று நிறுத்தினார். உயிரைக் கொன்று கொடுத்தால்தான் இரங்குவேன் என்று சொல்லும் தெய்வம் தெய்வமல்ல என்பது அதன் பொருள். அதற்குள் இன்னொரு பொருளும் உண்டு. வரி கட்டியே ஒடிந்துபோன ஏழை, கடன் வாங்கி ஆடு வாங்கினான். பலி நின்றபோது ஆட்டின் உயிரும் பிழைத்தது, அவன் வீட்டு அடுப்பும் பிழைத்தது.

அடுத்தது துவையல் தவசு. அய்யா சுமார் எழுநூறு குடும்பங்களைக் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பினார். அங்கே இருந்து பிறகு முட்டப்பதிக்குப் போனார்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு நாளைக்கு மூன்று முறை கடலில் குளித்தார்கள். உடுத்திய துணியைத் துவைத்துக் காயவைத்து உடுத்தினார்கள். சாப்பாடு ஒரு வேளை. அரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்தது. புலால் கிடையாது.

இதைப் படிக்கும்போது கஷ்டமான சாப்பாடு என்று தோன்றும். சற்று நின்று பார்த்தால் அது நல்ல சாப்பாடு என்பது தெரியும். அரிசியில் குறைவாக இருக்கும் ஒருவகைப் புரதச்சத்து பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரு பானையில் சேரும்போது ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கிறது. இன்று சத்துணவு வல்லுநர்கள் சொல்லும் விஷயம் இது. அளவில் குறைந்த சாப்பாடு, தரத்தில் குறையாத சாப்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுநூறு குடும்பங்களுக்கும் ஒரே சாப்பாடு. தலைவனுக்கு ஒன்று, தொண்டனுக்கு ஒன்று என்று இல்லை. ஆணுக்கு முந்தி, பெண்ணுக்குப் பிந்தி என்று இல்லை. குறைத்தல், நல்லதை உண்ணுதல், ஒன்றாக உண்ணுதல் ஆகிய மூன்றும் துவையல் பந்தியில் சேர்ந்தே இருந்தன. இதில் ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் அது அய்யாவின் பந்தி ஆகாது.

முதலில் குறைத்தல். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாதாரணக் குடும்பத்தில் கறி என்பது தீபாவளிக்கும் கொடைவிழாவுக்கும் விருந்தாளி வந்தால் அடிக்கும் கோழிக்கும்தான். குறைத்து உண்ண யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இன்று பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் பிராய்லர் கோழி சுமார் நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. வீட்டில் திரியும் நாட்டுக்கோழிக்கு அந்த எடை வர மாதக்கணக்கில் ஆகும். வாரம் ஒரு பிராய்லர் கோழி வாங்கும் வீட்டில் வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு உயிர். பண்டிகைக்கு வந்தது வாரத்துக்கு வந்தது. வாரத்துக்கு வந்தது இப்போது பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை வழியாக நாளுக்கும் வந்துவிட்டது.

அவ்வளவு வேகமாக, அவ்வளவு நெருக்கமாக வளர்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்ற மருந்துகள் கைவிட்டபின் மனிதனைக் காப்பாற்ற மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைக் கோழி வளர்ப்பிலும் கொடுத்துவந்தார்கள். கிருமிகள் அந்த மருந்துக்கும் பழகிவிட்டால் மனிதனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது என்று கண்டு, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு வேறு யாரோ, வேறு எங்கோ விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு இது ஒன்று போதும்.

இரண்டாவது, நல்லதை உண்ணுதல். எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்க்கலாம். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. வாரம் தவறாமல் கறி. ‘இனி மாதம் ஒரு தடவை போதும்’ என்று அந்த வீட்டில் முடிவு செய்கிறார்கள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு என்பது பன்னிரண்டாகிறது. அந்தப் பன்னிரண்டுக்கும் பிராய்லரை விட்டு நாட்டுக்கோழி எடுத்தால் விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அப்போதும் கையில் மிச்சம் நிற்கும்.

அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது வறுத்த தீனிக்கும் புட்டியில் வரும் இனிப்புப் பானத்துக்கும் போனால் கறியை விட்டும் பயன் இல்லை. இந்தியாவில் மக்களுக்கு வரும் நோய்ப்பாரத்தில் 56.4 விழுக்காடு சரியில்லாத உணவால் வருவது என்று 2024-ல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி கூறுகிறது. அதில் சைவ உணவும் அடக்கம். வெள்ளை அரிசியைக் குவித்து, எண்ணெயில் பொரித்த அப்பளத்தைத் தொட்டுக்கொண்டு, நான் சைவம் என்று சொல்வதில் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை.

அதே மிச்சம் துவரம்பருப்புக்கும் பாசிப்பயறுக்கும் போகட்டும். கே.கே. நகர் உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. 1999-ல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கமே, பயிர் செய்தவன் இடைத்தரகு இல்லாமல் நேராக விற்க வேண்டும் என்பது. காலையில் போனால் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கத்தரி, வெண்டை எல்லாம் வாடாமல் கிடைக்கும். காசு உழுதவன் கைக்குப் போகும். அதுவும் ஒரு தர்மம்.

கறி இல்லாவிட்டால் உடம்பில் வலு இருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஐம்பது கிராம் புரதம் வேண்டும். முந்நூறு கிராம் அரிசியில் சுமார் இருபது கிராம் வந்துவிடும். எழுபத்தைந்து கிராம் பருப்பில் பதினேழு கிராம். ஒரு தம்ளர் பாலில் ஆறு. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஆறு. கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பருப்பு குழம்பில் மிதக்கும் நாலு பருப்பாக இருக்கக்கூடாது. பருப்பு என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்றாக உண்ணுதல். இதுதான் கடினம். இதைத்தான் எல்லாரும் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு வீட்டுப் பந்தியைக் கவனித்தால் தெரியும். அரைக்கிலோ ஆட்டுக்கறி. துண்டுகள் தகப்பனுக்கும் பையனுக்கும். பாட்டிக்கு மெல்ல முடியாது என்று குழம்பு. ஆக்கிப் போட்டவள் கடைசியில் உட்காரும்போது சட்டியில் எலும்பும் மசாலாவும் மிச்சம். வாரத்துக்கு ஒரு நாள் வந்த நல்ல உணவும் அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. சாப்பாடு இல்லாத மாநிலம் அல்ல இது. பந்தியில் அவளுக்கு இலை எப்போது போடப்படுகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டிய கணக்கு இது.

ஆகையால் வீட்டில் கறியைக் குறைக்கிறோம் என்று ஆண் தீர்மானிக்கும்போது, அந்தக் குறைச்சல் யார் இலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு, பிள்ளை சுமக்கிற மகளுக்கு, நோயிலிருந்து எழுந்தவருக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று சுவரொட்டி வாங்கிக் கொடுப்பது பழக்கம். அதை நிறுத்திவிட்டு வேறு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது விரதம் ஆகாது, கொடுமை ஆகும். முட்டையோ, பாலோ, கீரையோ, மருத்துவர் சொல்லும் சத்து மாத்திரையோ, அவர் உடம்புக்கு எது வேண்டுமோ அது முதலில் அவர் இலைக்கு வர வேண்டும். தன் நாக்கை அடக்குவது தவசு. அடுத்தவர் வயிற்றை அடக்குவது தவசு அல்ல.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது பெருமை.

கறியை விட்டவருக்குக் கொஞ்ச நாளில் ஒரு நிமிர்வு வந்துவிடும். பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் மூக்கைப் பிடிப்பார். வாடகைக்கு வருகிறவரிடம், ‘நீங்கள் சைவமா?’ என்று கேட்பார். அய்யாவழி மக்கள் இந்த இடத்தில் தங்கள் சரித்திரத்தை நினைக்க வேண்டும். திருவிதாங்கூரில் இவர்களுடைய முன்னோர்களைத் தெருவில் நடக்க விடாதவர்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள், பெண்கள் தோள்சீலை அணிய விடாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் சுத்த சைவர்களும் இருந்தார்கள். அவர்கள் இலையில் ரத்தம் இல்லை. ஆனால் அந்த இலைக்குப் பக்கத்தில் இன்னொருவன் உட்கார இடம் இல்லை. அதனால்தான் அய்யா சாப்பாட்டைத் திருத்தியதோடு நிற்கவில்லை. எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைக்க முத்திரிக்கிணறு அமைத்தார். எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். புலால் மறுத்தவன் பந்தி மறுத்தால் அவன் மறுத்தது போதவில்லை.

பிற்காலத்தில் வள்ளலாரும் இந்த இடத்தில் உறுதியாக இருந்தார். கொல்லாமையை அவரைப்போல் வலியுறுத்தியவர் குறைவு. ஆனால் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையை ஆரம்பித்தபோது, பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் சோறு போட்டார். பசிக்குச் சாதியும் இல்லை, நேற்று அவன் என்ன தின்றான் என்ற கேள்வியும் இல்லை.

ஆகவே பிராய்லர் கோழி ஒன்றுதான் கட்டுப்படியாகிறது என்று வாங்கிப் போகும் கூலித்தொழிலாளியிடம் உபதேசம் செய்ய எந்த அன்பருக்கும் உரிமை இல்லை. நாட்டுக்கோழியும் செக்கெண்ணெயும் மரபு அரிசியும் அவன் கைக்கு எட்டாத விலை. நல்ல உணவு என்பது காசுள்ளவன் வீட்டு அலங்காரமாகிவிட்டால் அங்கே கலி வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் அன்னதர்மம்.

அன்னதர்மத்துக்கு மூட்டை வரும்போது தாங்கல்களில் பணி செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டுக்கு மண்ணச்சநல்லூர்ப் பொன்னி. தர்மத்துக்குக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த அரிசி. வீட்டுச் சாம்பாருக்கு முழுப் பருப்பு. தர்மத்துக்குத் தண்ணீரில் பருப்பைத் தேட வேண்டும். கொடுப்பவர் கெட்டவர் அல்ல. தர்மத்துக்குத்தானே என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்துவிடுகிறது. கீழே கிடப்பவனைத் தூக்கி நிறுத்துவதையே தர்மம் என்று அய்யா காட்டினார். நீ கீழே இருப்பதால் உனக்கு இது போதும் என்று சொல்லிச் சோறு போட்டால், சோறு போட்ட கையே அவனைக் கீழே அழுத்துகிறது.

உணவின் தரத்தை அளக்க இதைவிட நல்ல படி கிடையாது. தன் வீட்டில் தின்பதைத் தாங்கல் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் இலையில் கூச்சம் இல்லாமல் பரிமாற முடியுமா? முடியுமானால் அது நல்ல உணவு. தாங்கலில் போடுவதைத் தன் பிள்ளை இலையிலும் போட முடியுமா? முடியுமானால் அது நல்ல தர்மம்.

திருச்சி மக்களுக்கு விரதம் புதிது அல்ல. ஸ்ரீரங்கத்துப் பெருமாளை நினைத்துப் புரட்டாசி முழுவதும் கறி எடுக்காத வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடையில் நிற்கும் கூட்டத்தையும் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். முப்பது நாள் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் வட்டியோடு தின்றுவிட்டால் விரதம் காலண்டரில் நடந்தது, மனத்தில் நடக்கவில்லை. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு முதல் இருபத்தெட்டு நாள் அம்மனே பச்சைப்பட்டினி இருக்கிறாள். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். அவள் எதற்காகப் பட்டினி இருக்கிறாள்? தன் மக்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. வழிபாட்டு முறை வேறாக இருக்கலாம். விரதம் என்பது அடுத்தவருக்காக இருப்பது என்ற கருத்து வேறு அல்ல. கடற்கரையில் எழுநூறு குடும்பங்கள் வெயிலில் கிடந்ததும் தங்கள் வயிற்றை இளைக்க வைப்பதற்காக அல்ல. அழுக்கர் என்று தள்ளப்பட்ட ஒரு மக்கள்கூட்டம் முழுவதும் தலை நிமிர வேண்டும் என்பதற்காகத்தான்.

எனவே விட முடிந்தவர் முழுக்க விடட்டும். துவையல் பந்தியில் இருந்தது அதுதான். முடியாதவர் அய்யாவின் நாளான ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கலாம். கறிக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கு வீட்டுப் பருப்புக்கும் கீரைக்கும் போகட்டும். ஒரு பங்கு தாங்கல் அன்னதர்மத்துக்கு நல்ல அரிசியாகப் போகட்டும். பணிவிடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லா இலையையும் ஒன்றாகப் போட வேண்டும். ஆக்கியவளும் உட்கார வேண்டும். பாட்டிக்கும் பருப்பு, பையனுக்கும் பருப்பு. தகப்பன் எழுந்து ஒரு தடவை பரிமாறினால் குறைந்துபோக மாட்டான்.

பள்ளியறையில் விக்கிரகம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதன் முன்னால் நிற்பவர் தன் முகத்தைத்தான் பார்க்கிறார். அந்த முகத்தில் இருக்கும் வாய் என்ன தின்றது என்பதோடு, யாரோடு சேர்ந்து தின்றது, யாருக்கு வைத்துவிட்டுத் தின்றது என்பதையும் அங்கே மறைக்க முடியாது.

அய்யா உண்டு.